கூட்டாமல், குறைக்காமல்

செல்லப்பன் ராசாங்கம். பிறந்த ஆண்டு 1963, ஊர் கீழப்பழுவூர். மனைவி இருசம்மாள். ஒரே மகன் அறிவரசன், 1998 – 2024.

ராசாங்கம் மோட்டார் காயில் கட்டுபவர். கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசி படிந்த தகரக் கூரையின்கீழ் அவருடைய பட்டறை இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக் கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களில் பெரும்பாலானவை ஒருமுறையேனும் அவர் கைபட்டுத் திரும்பியவை.

பட்டறைக்கு வரும் விவசாயி எவரும், “மோட்டார் ஓடுதுண்ணே, ஆனா சரியில்ல” என்றுதான் தொடங்குவார். ராசாங்கம் விடமாட்டார்.

“ஓடுதுன்னா? எப்புடி ஓடுது? உறுமிக்கிட்டு ஓடுதா, திக்கித் திக்கி ஓடுதா, வெறுமனே சுத்துதா?”

“ஒங்களுக்குப் பதில் சொல்றதுக்குப் பதிலா நானே காயில் கட்டிக்குவேன் போலருக்கு” என்று சலித்துக்கொண்டே அவர்கள் யோசித்துச் சொல்வார்கள். அந்த விடையைக் கேட்டபின்தான் ராசாங்கம் திருப்புளியைக் கையில் எடுப்பார். ஓடுகிறது என்பது செய்தியே அன்று, எவ்வாறு ஓடுகிறது என்பதே செய்தி என்பது அவருடைய தொழில் அவருக்குக் கற்பித்தது. அறுபதாம் வயதில் அவர் ஆங்கிலம் கற்கப் போனபோது, இந்த ஒரு பாடத்தை மட்டுமே முன்கூட்டி அறிந்திருந்தார்.

அறிவரசன் பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு நாள்தோறும் பஸ்ஸில் போய்வந்து படித்தவன். மேற்படிப்புக்குக் கனடா போனான். பகலில் வகுப்பு, மாலையில் சைக்கிளில் வீடுவீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. 2023 டிசம்பர் தொடக்கத்தில், பனி உறைந்த சாலை ஒன்றில் கார் ஒன்று அவனை இடித்துத் தள்ளியது. அவனோடு அறையில் தங்கியிருந்தவன் ஆந்திரத்துப் பையன், தமிழ் அறியாதவன். அவன் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னதில் ‘ஆக்சிடென்ட்’, ‘ஹாஸ்பிடல்’ என்ற இரு சொற்கள் போதுமானவையாக இருந்தன. ராசாங்கமும் இருசம்மாளும் திருச்சிக்குப் போய் விசாவுக்கு எழுதிக் கொடுத்து, கைரேகை வைத்துவிட்டு வந்தார்கள். பதில் வரவில்லை.

வியாழக்கிழமைதோறும் மாலையில், அங்கே பொழுது விடிந்து டாக்டர்கள் சுற்றிவந்த பிறகு, மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும் என்று ஏற்பாடாயிற்று. முதல் அழைப்பின்போது ராசாங்கம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். செய்தி கேட்ட நாளிலிருந்து ஒரு பருக்கையும் தொடாத இருசம்மாள், சுவரில் சாய்ந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசிய நர்ஸ் முதலில் கேட்டது, தமிழில் பெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டுமா என்பதுதான். ‘இன்டர்பிரட்டர்’ என்னும் சொல்லை ஆந்திரத்துப் பையன் முன்பே சொல்லி வைத்திருந்தான். ஆகவே கேள்வி ராசாங்கத்துக்கு விளங்கியது. விளங்கிய மாத்திரத்தில் இன்னொன்றும் விளங்கிற்று. அப்படி ஒருவர் வந்துவிட்டால், என்ன சொன்னாலும் அது இந்த அறையில், இந்த மேசையிலிருந்து, தமிழிலேயே ஒலிக்கும். சுவரில் சாய்ந்திருப்பவள் அவ்வளவையும் கேட்பாள்.

“நோ” என்றார் ராசாங்கம். “ஐ நோ இங்கிலீஷ். ஸ்லோலி, ப்ளீஸ்.”

பத்தாம் வகுப்பில் தட்டுத் தடுமாறித் தேறிய ஆங்கிலத்தில், ‘எப்படி’ என்பதற்கு விடை கூறும் சொற்களுள் அவரிடம் எஞ்சியிருந்தது ‘ஸ்லோலி’ ஒன்றே. நர்ஸ் மெதுவாகப் பேசினார். மூச்சு என்ற சொல் பிடிபட்டது. மெஷின் என்ற சொல்லும் பிடிபட்டது. மற்றவை நழுவிப் போயின. இறுதியில் அந்த அம்மாள், முழுதும் புரிந்ததா என்று பொருள்படும்படி, ‘ஃபுல்லி’ என்ற சொல்லோடு ஒரு கேள்வி கேட்டார். “ஃபுல்லி, மேடம்” என்றார் ராசாங்கம்.

“என்னாங்க சொன்னாங்க?”

“மூச்சு வுடுறானாம்.” சற்று நிறுத்தி, “நல்லா வுடுறானாம்” என்றார்.

அந்த ‘நல்லா’ அவராகச் சேர்த்தது. அன்று இரவுச் சாப்பாட்டு வேளையில் இருசம்மாள் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார். அதை எதிரில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ராசாங்கம், ஒரு சொல் ஒரு கிண்ணம் கஞ்சியை உள்ளே இறக்கும் என்றால் அச்சொல்லைச் சொல்லாதிருப்பது எவ்வகையில் நேர்மை என்று தம்மையே கேட்டுக்கொண்டார். 

அரியலூர் ரயில் நிலையச் சாலையில், மாடி ஒன்றில் பூங்குழலி என்பவர் நடத்தும் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் மூன்று வாரம் கழித்து அவர் சேர்ந்தார். அங்கே படித்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தம் செய்யும் நர்ஸ் பெண்கள். கிரீஸ் வாசனையோடு கடைசிப் பெஞ்சில் வந்தமர்ந்த பெரியவரை, இலக்கியா என்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, ஒங்களுக்கும் லண்டன்ல வேலையா? எந்த வார்டு?”

“மோட்டார் வார்டும்மா.”

வகுப்பே சிரித்தது. அன்று முதல் அவர் ‘மோட்டார் அப்பா’ ஆனார்.

வகுப்பு முடிந்ததும் அவர் பூங்குழலியிடம் போய் நின்றார். “டீச்சர், எனக்கு மத்ததெல்லாம் வேணாங்க. ‘எப்படி’ன்னு கேட்டா பதில் சொல்ற வார்த்தைங்க மட்டும் போதும்.”

“அட்வெர்ப் மட்டுமா?” பூங்குழலிக்குச் சிரிப்பு வந்தது. “ஐயா, கல்யாணத்துக்கு வந்துட்டு, சோறு வேணாம், ஊறுகா மட்டும் போடுங்கன்னு கேக்குறீங்களே.”

“சோறு எனக்குத் தெரியும் டீச்சர். மூச்சு வுடுறான், காச்ச அடிக்குது, தூங்குறான். அதே நாலு அஞ்சுதான் வாரா வாரம் சொல்றாங்க. அதோட ஒட்டிக்கிட்டு வர்ற வார்த்தைதான் ஒவ்வொரு வாரமும் மாறுது. அதான் புரிய மாட்டேங்குது.”

பூங்குழலியின் சிரிப்பு நின்றது. யார், எங்கே, என்ன என்று கேட்டார். ராசாங்கம் சுருக்கமாகச் சொன்னார். பட்டறையில் தாம் எல்லாரிடமும் கேட்கும் ‘எப்புடி ஓடுது’ என்னும் கேள்வியையும் சொன்னார்.

அதன்பின் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர், முந்தைய மாலை கேட்ட சொற்களை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். எழுதி வைத்தால் இருசம்மாள் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்வார் என்ற அச்சம். ‘மினிமலி’ என்றால் உண்டு என்று சொல்லத்தக்க அளவுக்கு மட்டுமே என்று பூங்குழலி விளக்கினார். ‘கம்ஃபர்டபுளி’ என்பது அவன் வலியின்றிக் கிடக்கிறான் என்பதேயன்றி, தேறிவிட்டான் என்பதன்று. ‘ஹோப்ஃபுல்லி’ என்று தொடங்கினால், சொல்பவர் உறுதி கூறவில்லை, ஆசைப்படுகிறார். ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்று தொடங்கினால், அதன்பின் வருவது எதுவாயினும் அது கெடுதிதான்.

இந்தக் கடைசிச் சொல் ராசாங்கத்தை வெகுவாக உலுக்கியது. தமிழில் ஒருவர் துயரச் செய்தி சொன்னால் வாக்கியத்தின் முடிவு வரையில் காத்திருக்கலாம். கடைசி எழுத்து விழும்வரை நம்புவதற்கு இடம் இருக்கும். இவர்களோ வாசலிலேயே நிறுத்தி, முதற்சொல்லிலேயே கையை விரித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எத்துணை மெதுவாகப் பேசினால்தான் என்ன?

பொங்கல் கழிந்த வாரம் அவர் இரண்டு நீண்ட சொற்களைக் கொண்டுவந்தார். ‘ஸ்பான்டேனியஸ்லி’, ‘பர்ப்பஸ்ஃபுல்லி’. முன்னதைச் சொல்லியே கண்ணைத் திறக்கிறான் என்றார்கள். பின்னதைச் சொல்லி ஏதோ ‘இல்லை’ என்றார்கள்.

பூங்குழலி கரும்பலகையைப் பார்த்தபடியே பேசினார். “தானா கண்ணத் தொறக்குறாருங்க ஐயா. ஆனா… எதையும் தேடிப் பாக்கல. பாக்கணும்னு பாக்கல.”

ராசாங்கமும் கரும்பலகையைப் பார்த்தார். “வெறுமனே சுத்துது” என்றார்.

“ஐயா?”

“ஒண்ணுமில்ல டீச்சர். புரிஞ்சிடுச்சி.”

ஆனால் முந்தைய மாலையே அவர் இருசம்மாளிடம், “கண்ணத் தொறந்துட்டான். தானாவே தொறந்துட்டான்” என்று சொல்லியாகிவிட்டது. இருசம்மாள் நின்ற இடத்திலேயே கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். வீட்டில் ஈன்றிருந்த பசுவின் கன்றைக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் கொண்டுபோய் விடுவதாக நேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையிடம் ஓடிச் சொன்னார். மறுநாள் பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும், “மவன் கண்ணு முழிச்சிட்டானாமே, எப்ப வரான்?” என்று கேட்டுக் கை குலுக்கினார்கள். அதுவரை பொய்யை மாற்ற ஒருவரிடம் போனால் போதுமாயிருந்தது. இனி ஊருக்கே போய்ச் சொல்லவேண்டும் என்ற நிலை வந்தது.

படம் காட்டும் அழைப்பு வேண்டுமா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். வேண்டாம் என்றார். இருசம்மாளிடம், உள்ளே படம் எடுக்க அங்கே அனுமதி இல்லை என்றார்.

பூங்குழலிக்கு இது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளியன்று பெண்கள் எல்லாரும் இறங்கிப் போனபின், “ஐயா, அம்மாகிட்டச் சொல்லிடுங்க” என்றார். “நீங்க சொல்லத் தயங்கினா நான் வந்து சொல்றேன். பெத்தவங்களுக்குத் தெரியணும்ல?”

“நான் சேதிய மாத்தலியே டீச்சர். மூச்சு வுடுறான்னு அவங்க சொன்னாங்க, நானும் சொன்னேன். கண்ணத் தொறந்தான்னு சொன்னாங்க, நானும் சொன்னேன். பக்கத்துல நிக்கிற வார்த்தையத்தான மாத்துறேன்?”

“எப்புடி ஓடுதுன்னு கேட்காம நீங்க ஒரு மோட்டாரையாவது தொட்டதுண்டாங்க ஐயா?”

அவருடைய சொல்லையே எடுத்து அவர்மேல் வீசிவிட்டார் என்பதைப் பூங்குழலி சொன்னபின்தான் உணர்ந்தார்; மன்னிப்பும் கேட்டார். ராசாங்கம் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லாதிருந்தது. இனி மருத்துவமனையார் சொல்லும் எந்தச் சொல்லும் அவருக்குப் புரியாததாக இல்லை.

நன்றாகப் புரியப் புரிய, தமிழில் சொல்வது கடினமாயிற்று. முன்பு தெரியாமல் சேர்த்த ‘நல்லா’வை இப்பொழுது தெரிந்து சேர்க்கவேண்டியிருந்தது. நுரையீரலில் கிருமி ‘ரிப்பீட்டட்லி’ வருகிறது என்று கேட்ட மாலையில், “சளி புடிச்சிருக்காம், கொறஞ்சிடுமாம்” என்றார். மருந்துக்கு உடல் ‘புவர்லி’ இணங்குகிறது என்று கேட்ட மாலையில், “மருந்து மாத்தியிருக்காங்க” என்றார். அவர் குரல் தழுதழுத்தால் இருசம்மாள், “அதான் தேறிட்டு வரான்ல, இப்ப என்னாத்துக்குக் கண்ணு கலங்குறீங்க?” என்று தேற்றினார். மகன் வந்ததும் வெறுந்தரையில் படுக்கக்கூடாது என்று, இலவம்பஞ்சு வாங்கிக் கொடுத்து மெத்தை தைக்கச் சொன்னார்.

2024 பிப்ரவரி 29, வியாழக்கிழமை. மெத்தை அன்றுதான் வந்திருந்தது. இருசம்மாள் அதைக் கூடத்தில் விரித்து, பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டிருந்த இடங்களை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன்செய்துகொண்டிருந்தார். அழைப்பு வழக்கமான நேரத்தில் வந்தது. ஆனால் பேசியவர் நர்ஸ் அல்லர், மூத்த பெண் டாக்டர்.

டாக்டர் முதலில் தம் பெயரைச் சொன்னார். அடுத்து வந்த வாக்கியத்தின் முதற்சொல், ‘அன்ஃபார்ச்சுனேட்லி’.

அதற்குப் பின் வந்தவை எல்லாம் ராசாங்கத்துக்குத் தெளிவாகவே விளங்கின. மகன் இனித் தானாக மூச்சு விடமாட்டான். இனி எவரையும் அறியமாட்டான். மெஷின் அவனைக் காப்பாற்றவில்லை. முடிவைத் தள்ளி வைத்திருக்கிறது. மெஷினை எடுத்துவிட்டு அவனை அவன் போக்கில் போகவிடுவதே தகும் என்று மருத்துவர்கள் எல்லாரும் கருதுகிறார்கள். அவனாகப் பேசமுடிந்தால் எதை விரும்பியிருப்பான் என்பதைப் பெற்றோர்தாம் சொல்லவேண்டும். சொல்லி முடித்துவிட்டு, வியாழன்தோறும் கேட்கப்படும் அதே கேள்வியை டாக்டரும் கேட்டார்: ‘ஃபுல்லி’ புரிந்ததா?

“என்னாங்க சொல்றாங்க?” இருசம்மாளின் கை மெத்தையைத் தட்டிக்கொண்டே இருந்தது. “எந்திரிச்சி ஒக்காந்துட்டானா?”

வழக்கமான விடை ராசாங்கத்தின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால், மகனுடைய மூச்சை நிறுத்தும் முடிவை அவர் ஒருவரே எடுத்ததாகும். எடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி, மெத்தை விரித்து வைத்திருப்பவளிடம் தமிழில் என்ன சொல்வது? நல்லா மூச்சு விட்டவன், தானாகக் கண் திறந்தவன், எப்படிச் செத்தான் என்று அவள் கேட்பாள். அந்த ‘எப்படி’க்கு எந்த மொழியிலும் அவரிடம் சொல் இல்லை. அதைக் காட்டிலும், தம் வாயிலிருந்து இனி வரும் தமிழை அவரே நம்பவில்லை.

“நாட் ஃபுல்லி, மேடம்” என்றார். “இன்டர்பிரட்டர், ப்ளீஸ். தமிழ். மை ஒய்ஃப் டஸ் நாட் நோ.”

சிறிது நேரம் எதிர்முனையில் இசை ஒலித்தது. பிறகு ஒரு பெண் குரல், யாழ்ப்பாணத் தமிழில், நிதானமாகப் பேசிற்று.

“வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்க்கிற ஆள். டொக்டர் சொல்லுறதை உங்களுக்கு அப்பிடியே சொல்லுவன். நீங்கள் சொல்லுறதை டொக்டருக்கு அப்பிடியே சொல்லுவன். நானா ஒண்டும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.”

இருசம்மாளின் முகம் மலர்ந்தது. “ஏங்க, தமிழ் பேசுறாங்க! இம்புட்டு நாளா இந்தம்மா எங்கருந்தாங்க? நாமளே கேட்டிருக்கலாம்ல?”

டாக்டர் பேசினார்; அந்தப் பெண் சொன்னார்.

“அம்மா, உங்கட மகன் விபத்து நடந்த நாளிலயிருந்து தானா மூச்சு விடேல்லை. மெஷின்தான் விடுது. கண்ணைத் திறக்கிறார், ஆனா ஆரையும் அடையாளம் காணேல்லை. இனி இது மாறும் எண்டு நாங்கள் நம்பேல்லை. மெஷினை எடுத்து அவரை அவர் போக்கில போகவிடுறதுதான் சரி எண்டு நினைக்கிறம்.”

மெத்தைமேல் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“மொத நாள்லேர்ந்தா?”

கேள்வி ஆங்கிலமாகிப் போயிற்று. விடை தமிழாகித் திரும்பியது.

“ஓம் அம்மா. முதல் நாளிலயிருந்து. ஒவ்வொரு வியாழனும் உங்கட கணவருக்குச் சொல்லியிருக்கிறம்.”

இருசம்மாள் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் ஏதேனும் சொல்லியிருப்பார். இருசம்மாள் போனின் அருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த மெஷின எடுத்தா எம்புள்ளைக்கு வலிக்குமான்னு கேளுங்கம்மா.”

“நோகாது அம்மா. நோகாமல் இருக்க மருந்து குடுப்பினம்.”

“வெடுக்குனு எடுத்துறக் கூடாதும்மா. மெல்ல எடுக்கச் சொல்லுங்க. மெல்ல.”

அந்தப் பெண்ணின் குரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஆங்கிலத்தில், ‘ஜென்ட்லி’ என்றது. ராசாங்கம் கற்ற சொற்களில் அது இல்லை. அவரிடம் விட்டிருந்தால் ‘ஸ்லோலி’ என்றுதான் சொல்லியிருப்பார். அவர்களும் அப்படியே, மென்மையாக அன்றி மெதுவாக எடுத்திருப்பார்கள்.

மார்ச் 4 அன்று மெஷினை எடுத்தார்கள். அதற்கு முன் போனை அறிவரசன் காதருகே வைத்தார்கள். இருசம்மாள் மகனிடம் பேசவேண்டியதையெல்லாம் பேசினார். ராசாங்கம், “தம்பி” என்று மட்டும் சொன்னார். உடல் திருச்சி விமான நிலையம் வந்து சேர நாளாயிற்று. ஊர்ச் சுடுகாட்டில் எரித்தார்கள். பூங்குழலியும் இலக்கியாவும் வீட்டுக்கு வந்து, பெண்கள் கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டுப் போனார்கள்.

இருசம்மாள் சண்டை பிடிக்கவில்லை. அதை எதிர்பார்த்து ராசாங்கம் பல நாள் காத்திருந்தார். மாறாக, வீட்டில் வேறொன்று நேர்ந்தது. பால்காரர் நாளைக்கு வரமாட்டாராம் என்று அவர் சொன்னால், இருசம்மாள் தெருவில் இறங்கிப் பால்காரரிடமே கேட்டுவிட்டு வந்தார். வெளியே தூறுகிறது என்றால், வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்தார். சாப்பிட்டாயிற்று என்றால் சட்டியைத் திறந்து பார்த்தார். “என்னாங்க சொன்னாங்க?” என்று அவரிடம் எதையும் கேட்பது நின்றுபோயிற்று. கன்று கட்டுத்தறியிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. மெத்தையைச் சுருட்டி, பழைய சேலையால் கட்டி, மூலையில் நிறுத்தியிருந்தார்கள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை போன் மீண்டும் ஒலித்தது. பழைய நர்ஸ்தான். இறந்தவரின் குடும்பத்தாரைச் சில வாரம் கழித்து விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். நீங்களும் உங்கள் மனைவியும் உண்மையிலேயே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவராகவே மெதுவாகக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும், அந்த ‘ரியலி’ உட்பட, ராசாங்கத்துக்கு விளங்கியது. அவர் ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு சொற்கள் சொல்லி, போனை இருசம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இசை ஒலித்து ஓய்ந்தது. அதே யாழ்ப்பாணக் குரல்.

“அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் உண்மையில எப்பிடி இருக்கிறியள் எண்டு கேக்கினம்.”

அந்த வியாழனுக்குப் பின் இருசம்மாள் முதன்முறையாகக் கணவரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அவரக் கேளுங்கம்மா. அவருதான் நல்லாச் சொல்லுவாரு.”

ராசாங்கம் வாய் திறக்கவில்லை. அதற்கு முன் சொன்ன “தமிழ், ப்ளீஸ்” என்பதே அவர் கடைசியாகப் பேசிய ஆங்கிலம். நாள் 2024 ஏப்ரல் 25, வியாழக்கிழமை.